துளிர்த்ததெல்லாம் பிழைத்ததா? உறைபனிக்குப் பிறகு வெட்டுவதா, காத்திருப்பதா, பிடுங்குவதா

2021 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. செல்சியஸில் மைனஸ் 19. அதே குளிர் அலையில் ஆஸ்டின் 6 டிகிரி ஃபாரன்ஹீட்டையும் ஹூஸ்டன் 13 டிகிரியையும் தொட்டன. அந்த வாரமே கூழாகிப்போன வாழையைப் பற்றி டெக்சஸில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. குழப்பியவை வேறு மரங்கள். ஏப்ரலில் துளிர்த்தன, மே முழுக்கப் பச்சையாக நின்றன, கோடை வெயில் ஏறியதும் ஒரே வாரத்தில் இலை சுருண்டு பட்டுப்போயின. சில மரங்கள் அந்தக் கோடையையும் தாண்டி அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று கிளை கிளையாகச் செத்தன. 2022 டிசம்பர், 2024 ஜனவரி குளிர் அலைகளுக்குப் பிறகும் பல தோட்டங்களில் இதே கேள்விதான்: பாதி உயிரோடு நிற்கும் இந்த மரத்தை என்ன செய்வது?

கையில் இருக்கும் வழிகள் நான்கு. உடனே கருகியதை வெட்டலாம். ஒன்றும் செய்யாமல் கோடை நடு வரை காத்திருக்கலாம். தரையை ஒட்டி அறுத்துவிட்டு அடியிலிருந்து புதிதாக வளர விடலாம். பிடுங்கிவிட்டு வேறு நடலாம். எல்லாச் செடிக்கும் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் முடிவெடுக்க வேண்டிய தேதி வேறு. பெரும்பாலானவர்கள் தவறுவது அந்தத் தேதியில்தான்.

செத்தது பிப்ரவரியில், தெரிவது ஜூனில்

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கேம்பியம் என்பது அதுதான். ஒவ்வொரு வசந்தத்திலும் உள்பக்கம் நீர் ஏற்றும் குழாய்களையும் வெளிப்பக்கம் உணவு இறக்கும் குழாய்களையும் அது புதிதாகக் கட்டித் தர வேண்டும். குளிர் மெல்ல மெல்ல இறங்கினால் பனிக்கட்டி செல்களுக்கு வெளியே உருவாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். குளிருக்குப் பழகிய மரம் அந்த வறட்சியை ஓரளவு தாங்கும். அதுவே, மிதமான குளிர்காலத்தில் சாறு ஓட ஆரம்பித்துவிட்ட மரத்தின்மேல் திடீரென்று உறைகுளிர் விழுந்தால், செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகிச் சவ்வு கிழிகிறது. 2021-இல் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

ஆனால் மொட்டுகள் தண்டைவிட நன்றாகத் தப்பியிருக்கலாம். தண்டிலும் வேரிலும் போன ஆண்டு சேர்த்துவைத்த மாவுச்சத்து இருக்கிறது, பழைய நீர்க்குழாய்களில் சில இன்னும் வேலை செய்கின்றன. அந்தக் கையிருப்பை வைத்தே ஏப்ரலில் மரம் துளிர்த்துவிடும். ஏப்ரல் இலைக்குத் தேவைப்படும் நீர் குறைவு. ஜூன் வெயிலில் அதே இலைப்பரப்பு பல மடங்கு நீர் கேட்கும்போதுதான் புதுக்குழாய் கட்டப்படவே இல்லை என்பது வெளியே தெரிகிறது. இலை இயல்பைவிடச் சிறுத்திருப்பது, உச்சிக்கிளை வெறுமையாக இருக்க உள்கிளைகளில் மட்டும் கொத்துக் கொத்தாகத் துளிர்ப்பது, மதியம் வாடி மாலையிலும் நிமிராமல் கிடப்பது – இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பச்சையை நம்ப வேண்டாம்.

ஆஷ் மரம் இதில் மோசமாக அடிபடுவதற்குக் காரணம் அதன் கட்டையின் அமைப்பு. அதன் அகலமான நீர்க்குழாய்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காற்றுக் குமிழி அடைத்துப் பெரும்பாலும் பயனற்றுப்போகும். இலை விரியும் நேரத்தில் புது வளையத்துக் குழாய்கள் தயாராக இருந்தால்தான் அதற்கு வாழ்வு. கேம்பியம் அடிபட்ட ஆஷ் மரத்துக்குப் பழைய குழாயும் கிடையாது, புதிதும் கிடையாது.

சுரண்டிப் பார்ப்பது எப்போது, எங்கே

நகத்தால் மிலாற்றைச் சுரண்டிப் பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு தெரிந்தால் சாவு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தச் சோதனை ஏமாற்றுவது இரண்டு இடங்களில்.

முதலாவது நேரம். பனி உருகிய இரண்டாம் நாள் சுரண்டினால் செத்த திசுவும் பச்சையாகவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் அந்தப் பச்சை நீர் கோத்தது போல் கருத்து, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். பழுப்பாக மாற ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் பிடிக்கும். அப்போது பட்டையைத் திறந்தால் புளித்த வாடை வரும். ஆகவே முதல் சோதனையை மூன்று வாரம் கழித்து வையுங்கள்.

இரண்டாவது இடம். நுனிமிலாறு பச்சையாக இருக்க, அடித்தண்டின் தென்மேற்குப் பக்கம் செத்திருக்கலாம். பகல் வெயிலில் அந்தப் பக்கம் சூடேறி, இரவில் சட்டென்று உறைவதால் முதலில் அடிபடுவது அதுதான். கூரான சிறு கத்தியால் தண்டின் நான்கு பக்கமும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும், ஒரு சுண்டுவிரல் நக அளவு மட்டும் பட்டையைத் தூக்கிப் பாருங்கள். வெளிர்பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. கத்தியின் பின்பக்கத்தால் தட்டும்போது பட்டை ‘டொக்கு’ என்று வெற்றொலி கொடுத்தால், அது கட்டையிலிருந்து கழன்றுவிட்டது. ஓக் மரத்தில் மட்டும் இந்தக் கத்திச் சோதனையை ஜூலைக்கு முன் செய்ய வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

நெடுக்கில் பட்டை வெடித்திருந்தால் மரத்தின் சுற்றளவில் எத்தனை பங்கு கழன்றிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கால்பங்குக்குள் என்றால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பாதியைத் தாண்டினால் அந்த மரத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். நடுவில் இருப்பதுதான் சங்கடம். அதற்கு ஒரு முழுக் கோடை கொடுக்க வேண்டும். தொங்கும் பட்டையை உயிருள்ள விளிம்பு வரை மட்டும் சீவி எடுத்தால் போதும். ஆணி அடித்து ஒட்டவைப்பது, தார் பூசுவது, சிமென்ட் அடைப்பது எல்லாம் வீண்வேலை. உள்ளே ஈரத்தை அடைத்து அழுகலைத்தான் வளர்க்கும்.

உடனே வெட்டுவது: எங்கே சரி

கூழான தண்டுகளை உடனே வெட்டலாம், வெட்டவும் வேண்டும். வாழை, கல்வாழை, இஞ்சி வகைகள், சேம்பு ஆகியவற்றின் செத்த சதை அழுகி அடிக்கிழங்குக்கு இறங்கும். பனி எடையில் முறிந்து கூரைமேலோ நடைபாதைமேலோ தொங்கும் கிளைக்கும் காத்திருப்பு கிடையாது. உடனடி வெட்டுக்கு நியாயம் இருப்பது இந்த இரண்டில் மட்டும்.

மற்ற எதிலும் பிப்ரவரி வெட்டு நஷ்டம். எதுவரை செத்தது என்று செடிக்கே இன்னும் தெரியாத நேரத்தில் நாம் எல்லைக்கோடு போடுகிறோம். உயிருள்ளதையும் சேர்த்து வெட்டுவோம், அல்லது செத்த பகுதிக்குள்ளேயே வெட்டி, இரண்டு மாதத்தில் மறுபடி ரம்பத்தை எடுப்போம். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள மொட்டு வேறு சீக்கிரம் விழித்துக்கொள்ளும். டல்லாஸ் பக்கம் கடைசி உறைபனி சராசரியாக மார்ச் நடு வரை வரும் என்பதால் அந்தக் கொழுந்தும் போகும். கையிருப்புச் சத்தில் ஒரு தவணை வீண். கருகிய இலையும் மிலாறும் பார்க்க அசிங்கம்தான். ஆனாலும் அடுத்த உறைபனிக்கு உள்கிளைகளை மூடி நிற்கும் போர்வை அதுதான்.

ஓக் மரத்துக்கு இது நஷ்டத்தோடு நிற்காது, ஆபத்து. டெக்சஸில் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் லைவ் ஓக், ரெட் ஓக் இரண்டையும் கொல்கிறது. புது வெட்டுக்காயத்தின் சாற்றுவாசனைக்கு வரும் சிறு வண்டுகள் நோயுற்ற ரெட் ஓக்கிலிருந்து பூஞ்சையைச் சுமந்து வரும். அங்கிருந்து வேரோடு வேர் பிணைந்த லைவ் ஓக் தோப்பு முழுக்கப் பரவும். டெக்சஸ் ஏ அண்ட் எம் வன சேவை பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கைக் கவாத்து செய்ய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். உறைபனி அடிப்பதும் சரியாக அந்தக் காலத்தில்தான். பாதுகாப்புக்காக வெட்டியே தீர வேண்டும் என்றால், வெட்டிய சில நிமிடங்களுக்குள் காயத்தின்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். மற்ற மரங்களில் வேண்டாம் என்று சொல்லும் பெயின்ட், ஓக்கில் மட்டும் கட்டாயம்; எந்த மாதத்தில் வெட்டினாலும்.

காத்திருப்பது: சும்மா இருப்பதாக நினைக்க வேண்டாம்

பெரிய நிழல்மரங்களுக்கு இதுவே முதல் தேர்வு. 2021-இல் லைவ் ஓக்குகள் பழைய இலை காய்ந்து தொங்க, ஏப்ரலில் புது இலை இல்லாமல் நின்றன. மேயில்தான் பல மரங்கள் இலை விட்டன. ஏப்ரலில் ரம்பம் வைத்தவர்கள் பிழைக்கவிருந்த மரத்தை வெட்டியிருப்பார்கள். ஓக்குக்கு ஜூலை வரை கெடு வையுங்கள். அந்தத் தேதி ஓக் வில்ட் தடைக்காலத்துக்கும் பொருந்திவருவது ஒரு வசதி.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலையும் செய்யக்கூடாத வேலையும் தெளிவாக உண்டு. தண்ணீர் முதலில். இலை விட்ட மரத்துக்கு, மழை இல்லாத வாரம் ஒன்றுக்கு 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமமான நீரை, கிளை விரிவின் ஓரத்துக்கு உள்ளும் வெளியுமாக மெதுவாக இறக்குங்கள். தண்டை ஒட்டி ஊற்றுவதால் பயனில்லை. நீண்ட ஸ்குரூடிரைவரை மண்ணில் அழுத்தினால் 15–20 சென்டிமீட்டர் எளிதாக இறங்க வேண்டும். டல்லாஸ், ஆஸ்டின் பக்கத்துக் கரிசல் களிமண்ணில் நீர் வேகமாகப் பாய்ச்சினால் மேலேயே ஓடிவிடும்; அரைமணி நேரம் விட்டு இரண்டு மூன்று தவணையாகப் பாய்ச்சுவது நல்லது. ஆனால் இலையே இல்லாத மரம் நீரைக் குடிக்காது. ‘பாவம், அடிபட்டிருக்கிறது’ என்று மொட்டை எலுமிச்சைக்குத் தினமும் ஊற்றினால் உறைபனி விட்டதை வேரழுகல் முடித்துவைக்கும்.

மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிமன் போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உரம் வேண்டாம். இதில்தான் நல்ல எண்ணத்தோடு அதிகத் தவறு நடக்கிறது. தழைச்சத்து இலையைத் தள்ளும். அந்த இலைக்கு நீர் ஏற்றும் குழாய்தான் இல்லையே. உரம் போட்ட மரம் மேயில் பக்கத்து வீட்டு மரத்தைவிடச் செழிப்பாக நின்று, ஜூலையில் அதற்கு முன்பாகச் சாயும்.

காத்திருப்பின் விலை பூச்சியும் பூஞ்சையும். அடிபட்ட தண்டில் புளிக்கும் சாற்றை மோப்பம் பிடித்து அம்ப்ரோசியா வண்டு துளைபோடும். பட்டையிலிருந்து பல்குச்சி போல மரத்தூள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். தண்டில் அப்படிப் பல இருந்தால் காத்திருப்பதை நிறுத்திவிடலாம். மருந்தடித்து உள்ளே இருப்பதைத் துரத்த முடியாது. ஓக்கில் பட்டை தகடாக உதிர்ந்து அடியில் சாம்பலும் கருப்புமாக ஒரு மேல்தோல் தெரிந்தால் அது ஹைப்போசைலான் என்ற பூஞ்சை. அதற்கு வைத்தியம் கிடையாது, கட்டை வேகமாக உளுத்துப்போகும். வீட்டுக்கூரையின்மேல் சாயும் தூரத்தில் அப்படி ஒரு மரம் நின்றால், ஜூலைக்குக் காத்திருக்காமல் சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட்டை (மரப் பராமரிப்பு நிபுணரை)க் கூப்பிட வேண்டும்.

ஜூலையில் கணக்குப் பார்க்கும்போது தலையின் முக்கால் பங்கில் இயல்பான அளவு இலை இருந்தால், காய்ந்த கிளைகளை மட்டும், கிளைக்கழுத்தை (கிளை தண்டோடு சேரும் புடைப்பை) விட்டு அதற்கு வெளியே வெட்டி எடுத்துவிட்டு மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே என்றால் காய்ந்ததை நீக்கி, இன்னொரு கோடை பார்க்கலாம். பாதிக்குக் கீழே போனால் நிழல்மரத்தில் பணத்தையும் தண்ணீரையும் கொட்டுவது வீண். கால்பங்குக்கும் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே பெருங்கிளை முழுக்கச் செத்து மற்ற பக்கம் நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டியது தண்டை. அந்தக் கிளைக்கு நேர்கீழே பட்டை தரைவரை கழன்றிருக்கும்.

பனைவகைகளுக்குத் தனிச் சோதனை. நடுக்குருத்தையும் அதை ஒட்டிய மட்டையையும் சேர்த்து, அழியாத மார்க்கரில் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தின்மேல் இருக்கும் கோடு மேலே நகர்ந்திருந்தால் வளர்நுனி உயிரோடு இருக்கிறது. லேசாக இழுத்ததும் குருத்து கையோடு வந்து, நுனி அழுகிப் பிசுபிசுத்தால் நிலைமை மோசம். அந்தக் குழியில் காப்பர் பூஞ்சைக்கொல்லி ஊற்றிக் கோடைவரை விட்டுப்பார்க்கலாம். பனைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்று என்பதால் தரையோடு வெட்டி மறுபடி வளர்ப்பது என்ற பேச்சே இல்லை. 2021-இல் மெக்சிகன் ஃபேன் பனைகள் ஏராளமாகச் செத்தன. சபால் பனைகள் நின்றன. சைகஸ் பார்க்கப் பனை போல இருந்தாலும் பனை அல்ல. மட்டை முழுக்கக் காய்ந்தாலும் உச்சியை அழுத்திக் கெட்டியாக இருந்தால் ஜூலை வரை பொறுங்கள்.

தரையோடு அறுப்பது: புதர்களுக்கு வரப்பிரசாதம்

பல தண்டாக அடியிலிருந்து கிளம்பும், ஒட்டுக்கட்டாத புதர்களுக்கு இதுவே மற்ற மூன்றைவிடச் சிறந்தது. அரளி, மாதுளை, அத்தி, கிரேப் மிர்ட்டில் எல்லாம் இந்த வரிசை. ஏப்ரல் கடைசியில் அடியில் துளிர் தெரிந்தும் மேல்தண்டில் ஒன்றும் இல்லை என்றால், 15 முதல் 30 சென்டிமீட்டர் விட்டு அறுத்துவிடலாம். அரைகுறையாக நடுத்தண்டில் துளிர்த்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு விடுவதுதான் தவறு. அந்தத் தண்டின் அடிப்பக்கப் பட்டை செத்திருந்தால் துளிர் கோடையில் காயும். அதற்குள் அடித்துளிருக்குப் போயிருக்க வேண்டிய சத்தையும் அது தின்றிருக்கும்.

அடியிலிருந்து வரும் இருபது முப்பது போத்துகளையும் விட்டால் துடைப்பக்கட்டைதான் மிஞ்சும். ஒரு முழ உயரம் வந்ததும் தடித்த மூன்று முதல் ஐந்தை, ஒன்றுக்கொன்று இடைவெளி பார்த்து நிறுத்திவிட்டு மற்றதை அடியோடு கிள்ளுங்கள். அரளி வெட்டும்போது கையுறை வேண்டும். வெட்டிய குச்சிகளை எரிக்கவே கூடாது, புகையிலும் விஷம்.

விளைச்சலில் மட்டும் இவற்றுக்குள் வேறுபாடு உண்டு. பிரவுன் டர்க்கி போன்ற அத்தி ரகங்கள் அந்த ஆண்டுப் புதுத்தண்டிலேயே காய்க்கும். தரையோடு அறுத்த ஆண்டிலும் சில பழம் பார்க்கலாம். மாதுளை பெரும்பாலும் முதிர்ந்த தண்டின் குறுங்கிளைகளில் பூக்கும், அதனால் இரண்டு மூன்று ஆண்டுப் பொறுமை தேவை. அதற்கு இடமோ மனமோ இல்லாதவர்கள் குளிர்தாங்கும் புது ரகத்தை வாங்கி நட்டாலும் ஏறத்தாழ அதே காலம்தான் ஆகும் என்பதை நினைவில் கொள்ளட்டும். பழைய வேர் இருக்கும்போது பிடுங்கி நடுவதில் லாபம் இல்லை.

இண்டியன் ஹாத்தார்ன், பிட்டோஸ்போரம் வேலிகள் விஷயம் தலைகீழ். ஒரே உயரத்தில் இருபது செடி நிற்பதுதான் வேலிக்கு அழகு. அதில் ஏழு செத்து, ஆறு அடியில் துளிர்த்து, மீதி பச்சையாக நின்றால், அறுத்து வளர்த்தாலும் அது சீராகப் பல ஆண்டு பிடிக்கும். மொத்தமாக எடுத்துவிடுவது மேல். அதிலும் வடக்கு டெக்சஸில் அதே செடியைத் திரும்ப நடுவது அடுத்த உறைபனிக்கு முன்பணம் கட்டுவதற்குச் சமம்.

எலுமிச்சை, ஆரஞ்சு: துளிர் எங்கிருந்து வருகிறது

சிட்ரஸ் மரத்தில் நான்கு வழிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, காரணம் ஒட்டு. நர்சரியில் வாங்கிய சட்சுமா (ஒரு வகை ஆரஞ்சு), மேயர் எலுமிச்சை போன்றவை பெரும்பாலும் ட்ரைஃபோலியேட் ஆரஞ்சு அல்லது அதன் கலப்பின வேர்ச்செடியின்மேல் கட்டிய ஒட்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு வளைவு, அல்லது பட்டையின் நிறமும் சொரசொரப்பும் மாறும் கோடு தெரியும். உறைபனிக்கு அடுத்த நாளே அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள். மேலே எல்லாம் செத்துப் பட்டை உதிர்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

நாடாவுக்கு மேலே துளிர்த்தால் உங்கள் பழம். கீழே துளிர்த்தால் வேர்ச்செடி. ட்ரைஃபோலியேட் துளிரில் ஒரு காம்பில் மூன்று சிற்றிலை இருக்கும், முள் நீளமாக, உறுதியாக இருக்கும். சாதாரண ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் காம்புக்கு ஓர் இலைதான். வேர்ச்செடித் துளிர் வெறிகொண்டு வளரும், கோடைக்குள் ஆள் உயரம் வரும், ‘மரம் பிழைத்துவிட்டது’ என்று வீடே மகிழும். நான்கு ஆண்டு கழித்துக் கசப்பும் புளிப்புமாக விதை நிறைந்த காய் காய்க்கும்போதுதான் உண்மை தெரியும். மேலேயும் கீழேயும் இரண்டிலும் துளிர்த்தால் கீழே உள்ளதை வாராவாரம் பிஞ்சிலேயே கையால் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் மொட்டு மிஞ்சி மறுபடி வரும்.

கவாத்தை இங்கும் தள்ளிப்போட வேண்டும். சிட்ரஸ் கிளை உறைபனிக்குப் பிறகு பல மாதம் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். ஏப்ரலில் பச்சையாக இருந்த இடம் ஜூனில் பழுப்பு. வசந்தத் துளிர் முற்றி, காய்வது ஓரிடத்தில் நின்ற பிறகு, கோடை நடுவில், உயிருள்ள கட்டைக்குள் ஒரு பக்கக்கிளைக்கு மேலே வெட்டுங்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: இலை உதிர்ந்ததால் வெயில் நேராக விழும் தண்டுக்கும் பெருங்கிளைக்கும், நீரில் கரையும் வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டைச் சம அளவு தண்ணீரில் கலந்து பூசுங்கள். இதைச் செய்யாவிட்டால் பனியில் தப்பிய பட்டை வெயிலில் வெந்துபோகும். எண்ணெய் பெயின்ட் கூடாது.

ஒட்டுக்கு மேலே எல்லாம் செத்து, கீழே மட்டும் துளிர்த்தால் இரண்டே வழி. பிடுங்கலாம், அல்லது வேர்ச்செடித் துளிரில் திடமான ஒன்றை மட்டும் நிறுத்தி, பென்சில் தடிமன் வந்ததும் மொட்டு கட்டலாம், அதாவது நல்ல ரகத்தின் மொட்டைச் செருகி ஒட்டுப்போடலாம். பழைய வேர் என்பதால் இரண்டாவது வழி வேகமாகப் பலன் தரும். ஆனால் கைப்பழக்கம் வேண்டும். நண்பர் வீட்டு மரத்தில் ஒடித்த குச்சியை வைத்துக் கட்டக் கூடாது. சிட்ரஸ் கிரீனிங் நோய் அப்படியும் பரவும். சான்றளித்த மொட்டுக் குச்சி வாங்கிக் கட்ட முடியாதவர்களுக்குப் பிடுங்குவதே நல்ல முடிவு. விதைபோட்டு வளர்த்த எலுமிச்சை என்றால் இந்தச் சிக்கலே இல்லை. எங்கிருந்து துளிர்த்தாலும் அதே மரம். திரும்பக் காய்க்கச் சில ஆண்டு ஆகும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலையும் முருங்கையும்

டெக்சஸ் தமிழர் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுவது இவை இரண்டும்தான். கறிவேப்பிலை பெரும்பாலும் தொட்டியில் இருக்கும். தொட்டிதான் அதன் பலவீனம். நிலத்தில் இருக்கும் வேரை மண்ணின் வெப்பம் காக்கும். தொட்டிக்குள் நான்கு பக்கமும் குளிர் நுழையும், வேரோ தண்டைவிடக் குளிர் தாங்காது. ஓர் இரவு கராஜுக்கு வெளியே மறந்துவிட்டால், தண்டைச் சுரண்டுவதற்கு முன் செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரைப் பாருங்கள். வெளிறி, இழுத்தால் அறாத வேர் இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகி, தோல் உருவி நார் மட்டும் மிஞ்சினால் முடிந்துவிட்டது. வேர் நன்றாக இருந்தால் தண்டைப் பச்சை வரும்வரை மட்டும் வெட்டி, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். மண் சூடேறாமல் துளிர்க்காது. ஜூன் கடைசிவரை பொறுக்கலாம். விதைச்செடி என்பதால் வேரிலிருந்து வரும் பக்கக் கன்றும் அசல்தான். அதைப் பிரித்து ஊர்விட்டு ஊர் கொடுப்பதில் மட்டும் கவனம்: சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான தங்குமிடம். ஹூஸ்டன் பகுதி, ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கு போன்ற நோய்த்தடுப்பு வட்டாரங்களிலிருந்து இந்தச் செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது.

முருங்கைக்குக் கோடைவரை காத்திருப்பு பொருந்தாது. அதன் மென்கட்டை உறைந்ததும் பஞ்சாகி நீர் தங்கும், அழுகல் தண்டு வழியே வேருக்கு இறங்கும். கடைசி உறைபனி அபாயம் தாண்டியதும் கெட்டியான கட்டை வரும்வரை சரிவாக வெட்டி, அடியில் மூடாக்கை ஒரு முழம் குவித்தால் ஹூஸ்டன், சான் அன்டோனியோ பக்கம் பெரும்பாலும் வேரிலிருந்து எழும்பும். கீரைக்கு அது போதும். காய்தான் வேண்டும் என்றால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பிகேஎம் 1 போன்ற ஆண்டு முருங்கை விதையைப் பிப்ரவரியில் வீட்டுக்குள் முளைக்கவைத்து ஏப்ரலில் நடுவது மேல். ஆறு மாதத்தில் காய்க்கும் ரகம் அது. டல்லாஸுக்கு வடக்கே பழைய கட்டையைப் பேணுவதைவிட இதில் தலைவலி குறைவு.

பிடுங்கிவிட்டு நடுவது

பிடுங்கும் முடிவைக் கோடையில் எடுத்தாலும் நடுவது அக்டோபர், நவம்பரில் இருக்கட்டும். ஜூலையில் நட்ட கன்றுக்கு வேர்பிடிக்க நேரமே கிடையாது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை அரைத்துவிட்டு அதே குழியில் நட வேண்டாம். அரைத்த தூள் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மண்ணும் அமுங்கும். குறைந்தது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள்.

மறுபடி சிட்ரஸ்தான் வைப்பது என்றால் சட்சுமாவோ கும்குவாட்டோ வையுங்கள். முதிர்ந்த மரம் குளிருக்குப் பழகியிருந்தால் 20 டிகிரி ஃபாரன்ஹீட் அருகே வரை நின்றுபிடிக்கும். நம் ஊர் நாட்டு எலுமிச்சையும் லைமும் 28 டிகிரியிலேயே அடிபடும். வீட்டின் தென்சுவரை ஒட்டி, வடகாற்று படாத இடத்தில், ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி நடுங்கள். முதல் மூன்று நான்கு குளிர்காலத்துக்கு நவம்பர் கடைசியில் தண்டைச் சுற்றிச் சுத்தமான மண்ணை ஒட்டுக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரம் அணையுங்கள். மேலே எல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் ஒட்டு தப்பும், நாடாவுக்கு மேலிருந்தே துளிர் வரும். மார்ச் நடுவில் உறைபனி பயம் தீர்ந்ததும் அந்த மண்ணைக் குழாய்நீரால் மெல்லக் கரைத்து இறக்கிவிடுங்கள். மண்வெட்டி பட்டால் பட்டை காயமாகும். மண்ணை அப்படியே விட்டால் கோடை ஈரத்தில் அடித்தண்டு அழுகும்.